பதுக்கை பதுங்கியே இருக்கட்டும்

தமிழில் பயணக்கட்டுரை எழுதுவோரிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சென்ற இடத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தால், அதைத் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே கருதுகிறார்கள். கயிறு கட்டித் தடுத்திருந்தால், கயிற்றுக்கு அப்பால் இருப்பதுதான் பார்க்கத்தக்கது என்று முடிவுகட்டுகிறார்கள். உள்ளே படம் எடுக்கலாகாது என்ற அறிவிப்பைக் கண்டால் அதிகாரிகளின் ஆணவம் குறித்து ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். கடல் கடந்து, காசு செலவழித்து, கால் கடுக்க வந்தவனுக்கு எதையும் மறைக்கலாகாது என்பது அவர்களிடையே எழுதப்படாத விதி. அந்த விதி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். காணும் உரிமை என்று நாம் கொண்டாடுவது, பல வேளைகளில் நமக்குப் பின்னால் வரப்போகிறவர்களின் உரிமையைத் தின்றே வளர்கிறது. இதற்குச் சான்றாக, ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவையும், அங்குள்ள ஒரு புல்மேட்டையும், அதைச் சூழ்ந்த நிலத்தையும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆர்க்னி என்பது சுமார் 70 தீவுகளின் தொகுதி. அவற்றில் ஏறக்குறைய 20 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தால் 22,000 பேர் தேறுவர். 2025 செப்டம்பரில் நாங்கள் நால்வர் ஸ்க்ராப்ஸ்டர் துறையிலிருந்து கப்பலேறி, ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ராம்னஸ் சென்றிறங்கினோம். வழியில் ஹோய் தீவின் ஓரமாக, 137 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கல்தூண் ஒன்று கடலில் நிற்கிறது. தீவில் மரம் அரிது, காற்றுக்கு ஓய்வில்லை. எங்கு திரும்பினாலும் புல், மாடு, கல்வேலி, அவற்றுக்கிடையே தண்ணீர். முதன்மைத் தீவின் நடுப்பகுதியில் ஸ்டென்னஸ், ஹாரே என்னும் இரண்டு ஏரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்வட்டங்கள், வீடுகள், ஈமச்சின்னங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. யுனெஸ்கோ 1999இல் இவற்றில் முதன்மையான சிலவற்றையும், மேற்குக் கரையிலுள்ள ஸ்காரா பிரேயையும் சேர்த்து உலக மரபுச்சின்னமாக அறிவித்தது.

அவற்றுள் ஒன்றே மேஸ்ஹவ் என்னும் மேடு. தொலைவிலிருந்து பார்த்தால், சமதரையில் கவிழ்த்து வைத்த பெரிய சட்டி. 35 மீட்டர் விட்டம், 7 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரம், சுற்றிலும் அகழி. கி.மு. 2800ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில், வழிகாட்டியுடன் சிறு குழுவாகத்தான் உள்ளே போகலாம். ஒரு மீட்டர்கூட உயரமில்லாத நடைவழியில் பத்து மீட்டர் தொலைவு முதுகை வளைத்து நடந்தால், நான்கரை மீட்டர்ச் சதுரமான அறையில் நிமிரலாம். அறையின் மூன்று சுவர்களிலும் ஒவ்வொரு சிற்றறை. ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய வாரங்களில் மாலை வெயில் அந்த நடைவழியினூடே நுழைந்து பின்சுவரைத் தொடுகிறது. கட்டியவர்கள் திசையறிந்து கட்டியிருக்கிறார்கள். கல்லோடு கல் பொருந்தும் இடத்தில் கத்திமுனை நுழையாது. இவ்வளவும் இரும்பறியாத கைகளின் வேலை.

இனி, இந்த மேடு திறக்கப்பட்ட வரலாற்றைப் பார்ப்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் நார்ஸ் மக்கள் கூரையை உடைத்து உள்ளே இறங்கினார்கள். சுவரெங்கும் ரூன் எழுத்துகளைக் கீறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பொறிப்புகள் இன்றும் உள்ளன. தன் பெயரை எழுதியவன் உண்டு. ஒரு பெண்ணின் அழகைப் புகழ்ந்தவன் உண்டு. ரூன் எழுதுவதில் மேலைக்கடலுக்கு அப்பால் தன்னை வெல்ல ஆளில்லை என்று மார்தட்டியவன் உண்டு. இங்கிருந்த புதையலை எவனோ அள்ளிப் போய்விட்டான் என்று எழுதியவனும் உண்டு. பிறகு 1861இல் ஜேம்ஸ் ஃபேரர் என்னும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆட்களைக் கூட்டிவந்து மறுபடியும் உச்சியிலிருந்து உள்ளே இறங்கினார். மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டியபின் அங்கே கிடைத்ததாக நமக்கு எஞ்சியிருக்கும் செய்தி மிகக் குறைவு: ஒரு மண்டையோட்டுத் துண்டு, சில விலங்கெலும்புகள். ரூன்களைப் படியெடுத்து அறிஞர்களுக்கு அனுப்பினார். அவர்கள் ஒருவருக்கொருவர் மாறுபட்ட வாசிப்புகளை அனுப்பிவைத்தார்கள். இன்று அந்த அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது பிற்காலக் கூரை. முதலில் கட்டியவர்கள் அந்த உச்சியை எவ்வாறு மூடினார்கள் என்பதை இனி எவரும் கண்ணால் காணமுடியாது. காணவேண்டும் என்று இறங்கியவர்கள் அதை உடைத்துத்தான் இறங்கினார்கள்.

இங்கே எங்களுடன் வந்த நண்பர் ஒரு கேள்வி எழுப்பினார். நல்ல வாசகர், எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவர். “நார்ஸ்காரன் கீறினால் கல்வெட்டு, இன்றைக்கு ஒருவன் கீறினால் குற்றம். அன்று அவன் கூரையை உடைக்காமல் போயிருந்தால் இந்த எழுத்துகள் நமக்குக் கிடைத்திருக்குமா?” என்றார். ஞாயமான கேள்விதான். 2019இல் அருகிலுள்ள பிராட்கர் கல்வட்டத்தில் எவரோ ஒரு கல்லில் கிறுக்கியபோது அது காவல்துறை விசாரிக்கும் குற்றமாயிற்று. எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கிறுக்கலுக்கு நாம் கட்டணம் செலுத்திப் போகிறோம். ஆனால் இக்கேள்வி கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. எது வந்தது என்பது சுவரில் இருக்கிறது. எது போயிற்று என்பதற்குச் சுவரில்லை. அழிந்தது தன் அழிவைப் பதிவு செய்வதில்லை. ஆகவே எந்த உடைப்பும் பின்னாளில் இலாபமாகவே தோற்றமளிக்கும்.

போனதை அளக்க ஒரு வழி உண்டு. அதே ஆர்க்னியின் தென்கோடியில் இஸ்பிஸ்டர் என்னும் இடத்தில் மற்றோர் ஈமச்சின்னம் இருக்கிறது. 1958இல் ஒரு விவசாயி அதைத் தன் நிலத்தில் கண்டுபிடித்தார். பொறுமையாக ஆராயப்பட்ட அந்தப் பதுக்கையிலிருந்து ஏறக்குறைய 16,000 மனித எலும்புகள் கிடைத்தன. கூடவே கடற்கழுகுகளின் எலும்புகளும். வெஸ்ட்ரே தீவின் லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லண்டில் கிடைத்த எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெண்கலக் காலத்தில் வெளியிலிருந்து வந்து குடியேறியோரில் பெண்களே மிகுதி, உள்ளூர் ஆண்வழி மரபுகள் நெடுங்காலம் தொடர்ந்தன என்று அது காட்டியது. ஒரு சமூகத்தின் மணவுறவு வழக்கத்தையே எலும்பு சொல்லிவிட்டது. மேஸ்ஹவ்வில் இருந்திருக்கக்கூடியவை எங்கே? அவை குறித்து நாம் கேட்கக்கூடிய எந்தக் கேள்வியும் இனி எழாது. 1861இல் தோண்டியவர் தீயவர் அல்லர். தம் காலத்துக்கு ஆர்வமுள்ள மனிதர். மரபணு என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதது தமக்குத் தெரியாது என்ற அடக்கம்தான் இல்லாமல் போயிற்று. தானே கடைசித் தலைமுறை என்று நினைத்துத் தோண்டிய மனிதர் அவர்.

அதே நினைப்பில்தான் நாமும் சுற்றுலாப் போகிறோம்.

இப்போது ஏரிகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய நிலத்துக்கு வருவோம். நெஸ் ஆஃப் பிராட்கர் என்று அதற்குப் பெயர். 2003இல் உழும்போது வேலைப்பாடுள்ள கற்பலகை ஒன்று ஏர்முனையில் சிக்கியது. அடுத்த ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகள் கோடைதோறும் அங்கே அகழாய்வு நடந்தது. வெளிப்பட்டவை சாதாரண வீடுகள் அல்ல. ஒரு கட்டடம் மட்டும் 25 மீட்டர் நீளம், ஏறக்குறைய 20 மீட்டர் அகலம். அதன் சுவர்களின் தடிமனே நான்கு மீட்டரைத் தொடும். சுவர்களில் வண்ணம் பூசிய தடயம் கிடைத்தது. அலங்காரக் கீறல்கள் கொண்ட கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒரு பானையோட்டில், அதை வனைந்தவரின் விரல்ரேகை பதிந்திருப்பதை 2021இல் கண்டார்கள். ஒளியை வெவ்வேறு கோணங்களில் பாய்ச்சிப் படமெடுக்கும் முறையால்தான் அது தெரியவந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து பார்த்தார்கள். பின்னர், 2024 ஆகஸ்டில், அகழாய்வு முடிந்தது. திறந்தவற்றையெல்லாம் மண்ணிட்டு மூடினார்கள்.

நாங்கள் போய் நின்றபோது கண்டது வெறும் நிலம். மூடிய மண், அதன்மேல் புல். “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? இருபது வருட உழைப்பை இப்படியா புதைப்பார்கள்? கண்ணாடிக் கூரை போட்டுக் காட்டத் தெரியாதா?” என்று நண்பர் கொதித்தார். இந்தக் கொதிப்பை அவருடையதாக மட்டும் நாம் எண்ணவில்லை. இணையத்தில், பத்திரிகையில், விருந்துப் பேச்சில் மீண்டும் மீண்டும் கேட்கும் குரல் இது. ஆகவே அதற்கு முழுமையாக விடை சொல்லவேண்டும்.

முதலில் கல்லைப் பற்றி. அந்தக் கட்டடங்கள் எழுந்தது பாளம் பாளமாக உரியும் படிவுக்கல்லால். அடுக்கடுக்காகப் பிரிவதனால்தான் இரும்பின்றி அதைப் பலகையாக எடுக்க முடிந்தது. அந்த வசதியே அதன் நோயும் ஆகிறது. ஐயாயிரம் ஆண்டு ஈரமண்ணுக்குள் கிடந்த கல் வெயிலும் மழையும் உறைபனியும் மாறி மாறிப் பட்டால் ஏடு ஏடாகக் கழன்று விழுகிறது. இருபது ஆண்டும் கோடையில் சில வாரங்கள் மட்டும் திறந்து, மற்ற மாதங்களெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் பழைய டயர்களுமாக மூடிவைத்ததும் இதற்காகத்தான். திறந்தே வைத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பது கட்டடமாக இராது, கற்குவியலாக இருக்கும்.

கண்ணாடிக் கூரைக்கும் விடை பக்கத்திலேயே உள்ளது. ஸ்காரா பிரே என்னும் ஊரின் வீடுகளை 1850இல் ஒரு புயல் மணலைக் கிளறி வெளிக்காட்டியது. கார்டன் சைல்ட் 1927 முதல் அங்கே முறையாக அகழ்ந்தார். வீடுகளிலேயே மிக நன்றாக எஞ்சியது ஏழாம் எண் வீடு. அதன்மேல் 1930களில் கண்ணாடிக் கூரை போட்டார்கள். கண்ணாடிக்கடியில் வெப்பமும் ஈரமும் தேங்கி அந்த வீட்டைக் கெடுக்கத் தொடங்கின. இறுதியில் கண்ணாடியை அகற்றிப் புற்கரணைக் கூரை வேய்ந்து மூடிவிட்டு, பார்வையாளருக்காக அருகில் அச்சொட்டான படிவீடு ஒன்றைக் கட்டிவைத்தார்கள். காட்டுவதற்காகப் போட்ட கூரையே கேடாகிப்போனதை அனுபவத்தில் கண்டு திருத்தியவர்கள் அவர்கள். அதே தவற்றைச் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு முறை செய்யச் சொல்வது நியாயமா?

அடுத்து, மூடுதல் என்பது நாகரிகமற்ற செயலென்ற எண்ணம். நெஸ் கட்டடங்களை முதலில் மூடியவர்கள் அவற்றைக் கட்டியவர்களின் வழிவந்தவர்களே. பயன்பாடு முடிந்தபோது இடிபாடுகளையும் சாம்பற்கழிவையும் உள்ளே இட்டு நிரப்பினார்கள். மேலே சொன்ன பெருங்கட்டடத்தைச் சுற்றிச் சுமார் 400 மாடுகளின் எலும்புகள் குவிந்து கிடைத்தன. விடைகொடுக்கும் பெருவிருந்து ஒன்றின் எச்சம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். அவ்வளவு செலவில், அவ்வளவு சடங்கோடு மூடினார்கள். 2024இல் மண் அள்ளிப் போட்டவர்கள் அந்த மரபுக்குப் பகைவர் ஆகிவிடவில்லை.

தமிழ் படித்த நமக்கு இதில் வியப்புக்கு இடமே இருக்கலாகாது. இறந்தோர்மீது கற்குவித்த மேட்டுக்குச் சங்கச் செய்யுட்கள் வைத்த பெயர் பதுக்கை. பதுக்குதல் என்றால் ஒளித்துவைத்தல். மேட்டின் பெயரிலேயே அதன் நோக்கம் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நாம், ஒரு பதுக்கையின் முன் நின்று ‘ஏன் ஒளிக்கிறாய்’ என்று கேட்பது வேடிக்கைதான்.

ஒரு தடை எஞ்சியிருக்கிறது; தமிழ் வாசகர் எவரும் எழுப்பக்கூடியது, எளிதில் தள்ள முடியாதது. “மூடிவைத்ததால் நாம் இழந்தது கொஞ்சமா? பரணில் கிடந்த ஏடுகளைச் செல்லரித்தது. உ.வே. சாமிநாதையர் வீடு வீடாகப் போய்த் திறக்கச் சொல்லிக் கேட்டதனால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. அவரிடம் போய் மூடிவை என்று சொல்வீர்களா?” என்பது அது. சொல்லமாட்டோம். ஆனால் ஏட்டுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவூட்டுவோம். ஏட்டை வாசித்தால் ஏடு தீர்ந்துபோவதில்லை. படியெடுக்கலாம், ஒப்புநோக்கலாம், முதல் வாசிப்பு பிழையென்றால் திரும்பவும் போய்ப் பார்க்கலாம். அகழாய்வில் ஒரு மண்ணடுக்கை அகற்றினால் அந்த அடுக்கு முடிந்தது. வாசிக்க வாசிக்கத் தீப்பற்றி எரியும் ஏடு ஒன்று இருந்தால், ஐயரவர்கள் அதை எப்படிக் கையாண்டிருப்பார்? மிக மெதுவாக, மிகச் சில இதழ்களை மட்டும். மற்றதை மூடிவைத்திருப்பார் என்றே நம்புகிறோம்.

பரணில் அழியும் ஏட்டுக்கு நிகரானவையும் ஆர்க்னியில் உண்டு. ரவுசே தீவின் ஸ்வாண்ட்ரோவில் கடல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பழங்குடியிருப்பின் ஒரு பகுதியைக் கொண்டுபோகிறது. நோல்ட்லண்டில் காற்று மணலை வாரிப் போகிறது. ஆர்க்னியின் மரபுச்சின்னங்கள் பருவநிலை மாற்றத்தால் கடும் ஆபத்துக்குள்ளாகக்கூடியவை என்று 2019இல் ஒரு மதிப்பீடு எச்சரித்தது. இத்தகைய இடங்களில் தோண்டாமல் இருப்பதுதான் குற்றம். தோண்டும் கையும், பணமும், காலமும் அங்கே போகட்டும். கடல் தொடாத இடத்தில், நம் கண்ணுக்கு விருந்து வேண்டும் என்பதற்காக மட்டும் திறக்கவேண்டாம். எதற்காகத் திறக்கிறோம் என்ற கேள்விக்கு ‘அழிவதற்குள் அறிய’ என்பது ஒரு விடை. ‘வந்துவிட்டோமே, பார்க்கவேண்டாமா’ என்பது விடையாகாது.

பார்வையாளர் வெறுமனே பார்ப்பவர், அவரால் என்ன கேடு என்று கேட்போருக்கு ஒரு பழங்கதை, நடந்த கதை. ஸ்டென்னஸ் கல்வட்டத்துக்கு அருகே நடுவில் துளையுள்ள ஓடின் கல் என்ற ஒன்று இருந்தது. காதலர்கள் துளை வழியே கைகோத்து உறுதிமொழி கூறுவார்கள். ஓயாமல் ஆட்கள் வந்து தம் நிலத்தை மிதிப்பது பொறுக்காமல், கேப்டன் மக்கே என்னும் குத்தகைக்காரர் 1814 டிசம்பரில் அந்தக் கல்லை உடைத்தார். அருகிலிருந்த வட்டத்திலும் ஒன்றைச் சாய்த்தார், ஒன்றை உடைத்தார். ஊரார் தடுத்ததால் மற்றவை தப்பின. அவர் செய்தது மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் அந்தக் கதையில் கூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று ஒரே சுற்றுலாக் கப்பல் சில ஆயிரம் பேரைக் கரையிறக்கிவிட்டு மாலையில் அள்ளிப் போகிறது. பிராட்கர் வட்டத்தின் உட்பாதை மிதிபட்டுச் சேறாகி, அவ்வப்போது மூடவேண்டி வந்திருக்கிறது. அவர்களில் நாங்களும் நால்வர் என்பதை மறைக்கவில்லை. எங்கள் காலடியும் அந்தச் சேற்றில் பங்குடையது.

அதனால் போகவே வேண்டாமா? போகலாம். கதவு திறக்கும் நேரத்தில், திறக்கும் அளவுக்கு. எத்தனை பேரை விடுகிறார்களோ அத்தனை பேராக. படம் எடுக்காதே என்றால் எடுக்காமல். அந்த மேட்டினுள் குளிர்காலச் சூரியன் நுழைவதை இணையத்தின் வழியே நேரலையாகவும் காட்டியிருக்கிறார்கள். காசில்லாதவனுக்கும் கால் முடியாதவனுக்கும் அது போதிய நியாயம். ஸ்காரா பிரேயின் படிவீட்டை ‘போலி’ என்று ஏளனம் செய்யும் பயணக்கட்டுரையாளர், உண்மை வீடு அதனால்தான் நிலைத்திருக்கிறது என்ற அடுத்த வரியையும் எழுதவேண்டும். நெஸ் வயலின் புல்லைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுபவர், அதனடியில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வறிக்கைகளில் வாசித்துவிட்டு வந்து எழுதவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை வாசித்து அறிவது இலக்கிய வாசகனுக்குப் புதிய வேலை அன்று. நாம் வாசிக்கும் எந்த நூலின் உலகையும் நாம் நேரில் கண்டதில்லை.

மேஸ்ஹவ்வின் நடைவழி ஓரத்தில், சுவரிலுள்ள மாடம் போன்ற பள்ளத்தில், வாயிலை அடைக்கும் பெருங்கல் இன்றும் கிடக்கிறது. அதை இழுத்துப் பொருத்தினாலும் வாயில் முழுவதும் அடைபடுவதில்லை. உச்சியில் ஓர் இடைவெளி எஞ்சும். கதவடைத்த நிலையிலும் குளிர்கால வெயில் உள்ளே வர அது போதும் என்கிறார்கள். கட்டியவர்கள் மூடவேண்டும் என்றும் எண்ணினார்கள், எதை உள்ளே விடுவது என்றும் எண்ணினார்கள். கூரையை உடைத்து இறங்கிய இரண்டு கூட்டத்துக்கும் அந்த எண்ணம் இருக்கவில்லை. மூன்றாவது கூட்டமாக நாம் போய் நிற்கிறோம். நம் நண்பர்கள் அடுத்த பயணக்கட்டுரையில் பூட்டிய கதவு ஒன்றைப் பற்றி எழுதுமுன், அதை யார், எதன்பொருட்டுப் பூட்டினார்கள் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதட்டும். அதுவரை பதுக்கை பதுங்கியே இருக்கட்டும்.